அஞ்சு அஞ்சு அம்பத்தஞ்சு

அன்னைக்கி எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். அந்திக்கு தேயிலைத் தோட்டத்து ஆபிசுக்குப் போயி தொரையைப் பாத்து, கணக்கப்பிள்ளை வேலை கேக்கணும்.

என்னைக்கோ கேட்டிருக்கலாம். ஆனா நான் நம்பர் பாக்குற ஆளுங்களே!

வருசப் பொறப்புக்கு, பூண்டுலோயா டவுன்ல கடை வச்சிருக்குற முஸ்லிம் நானா நாள் கிழிக்கிற கலண்டர் ஒண்ணு குடுத்தாரு. எங்க லயத்து வரிசை வீடு அத்தனைக்கும் அது ஒண்ணுதான். நாங்க இருக்குற ஒத்தை அறை காம்பரா வாசல்ல தொங்கும். எம் பொண்டாட்டி மாரியாயி காலையில ஒரு தாளைக் கிழிப்பா, லயமே வந்து பாத்துட்டுப் போகும்.

அதை ஒரு நாளு சும்மா பொரட்டிக்கிட்டே போனேன். மே மாசத்துல கண்ணு நின்னுருச்சு. தேதி அஞ்சு. மாசம் அஞ்சு. வருசம் அம்பத்தஞ்சு! முனியாண்டிங்கிற எம் பேருக்கும் அஞ்சு எழுத்து! எங்கப்பனுக்குப் பொறந்ததுல நாந்தான் அஞ்சாவது! இதுக்கு மேல கடவுள் என்ன, லயத்துக்கு வந்து கதவைத் தட்டியா சொல்லுவாரு?

ராசியான தாளு, வேற கை பட்டுறக் கூடாதுன்னு அப்பவே பதமா கிழிச்சு சாமி படத்துக்குப் பின்னால சொருகிட்டேன். வீட்டுல யாருக்கும் மூச்சு விடல.

அந்த நாளும் வந்துச்சு. விடியுறதுக்கு முன்னாடியே தாளை எடுத்துப் பையில வச்சுக்கிட்டு பூண்டுலோயாவுக்கு நடந்தேன். சவரம் பண்ணிக்கிட்டு, நானாகிட்ட இரவல் கோட்டு கேட்டேன்.

"என்ன தம்பி, கலியாணமா?"

"இல்ல நானா, கணக்கப்பிள்ளை வேலை! இன்னைக்கி அஞ்சு அஞ்சு அம்பத்தஞ்சு!"

"நீங்க கணக்கப்பிள்ளை ஆனாலும் ஆகாட்டியும் கோட்டு திரும்பி வரணும்."

அந்திக்கு ஆபிசுக்கு வந்து பாத்தா, வாசல்ல லயமே நிக்கிது! எனக்கு வேலை கெடைக்கிறதைப் பாக்க வந்திருக்காங்கன்னு நெஞ்சு நெறஞ்சு போச்சு. கையில ஏன் சாக்கு வச்சிருக்காங்கன்னு மட்டும் வெளங்கல.

தொரை கத்திக்கிட்டிருந்தாரு. "கொழுந்து எடுக்காம ஏன் எறங்கி வந்தது?"

"வெள்ளிக்கெழம அரிசி அளந்து போடுற நாளுங்களே தொரை!" கூட்டமே சொல்லுச்சு.

"இன்னைக்கி வியாழக்கெழம!"

மாரியாயி கலண்டரையே கழட்டிக் கொண்டாந்திருந்தா. "காலையில நாலாந்தேதியைக் கிழிச்சேன், அடியில ஆறு, வெள்ளின்னு இருந்துச்சுங்க. நேத்து புதன் மாதிரிதான் இருந்துச்சு. ஆனா அச்சடிச்சது பொய் சொல்லுமாங்க?"

தொரை கலண்டரை வாங்கிப் பாத்தாரு. "அப்ப அஞ்சாந்தேதி எங்க?"

வேற எவனா இருந்தாலும் அப்பவே தேயிலைக்குள்ள ஓடி ஒளிஞ்சிருப்பான். எம் மண்டைக்குள்ள அஞ்சைத் தவிர ஒண்ணும் ஓடல. தொரையே அஞ்சாந்தேதியைத் தேடுறாரு! இதைவிட நல்ல நேரம் வருமா?

கூட்டத்தை வெலக்கிட்டுப் போயி தாளை நீட்டுனேன். "இந்தா இருக்குங்க தொரை!"

தொரை தாளைக் கலண்டர்ல வச்சுப் பாத்தாரு. கிழிசல் கச்சிதமா பொருந்துச்சு.

"கோட்டு எதுக்கு?"

"கணக்கப்பிள்ளை வேலை கேக்க வந்தேனுங்க."

"ஆளுங்க வேலை செஞ்ச நாளுக்கு நீ கணக்குல பேர் போடப் போறது? ஒரு முழு நாளையே திருடிட்டு?"

வேலையை விட்டு எறங்குன அத்தனை பேருக்கும் அரைப் பேர்னு சொல்லி, அரை நாள் சம்பளத்தை அங்கயே வெட்டிட்டாரு. நான் எடுத்தது ஒத்தைத் தாளு. அவரு எடுத்தது ஒரு லயத்தோட அரை நாளு. ஆனா நாந்தான் கள்ளனாம்!

வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் லயமே என்னை ஏசிக்கிட்டு வந்துச்சு. மாரியாயி மட்டும் வாயைத் தொறக்கல. காம்பரா வாசல்ல வந்துதான் திரும்பிப் பாத்தா.

"அடுத்து ஆறு ஆறு அறுபத்தாறு வரும். அதுவரைக்கும் எங்கிட்டப் பேசாதீங்க!"

ஒம்பது வருசம் ஓடிருச்சு, அதுக்கு இன்னும் ரெண்டு வருசம் கெடக்கு. அதான் உங்ககிட்டப் பேசிக்கிட்டிருக்கேன்.