இருபத்துமூன்றாவது ஆபத்து

2009 ஜூன் 8, திங்கள்: ஆம்பூரில் நான் பணியாற்றும் தோல் தொழிற்சாலையின் சாயக் குறிப்புகள் அனைத்தையும் கிளவுட் முறைக்கு, அதாவது இணையம்வழி இயங்கும் வெளிநிறுவனக் கணினிக்கு, மாற்றுவதென நிர்வாகம் தீர்மானித்தது.
ஜூன் 10, புதன்: அதிலுள்ள பாதுகாப்பு ஆபத்துகளை ஆராய இருவர் குழு அமைக்கப்பட்டது.
ஆகஸ்ட் 14, வெள்ளி: குழு அறிக்கை அளித்தது. மாற்றம் நடந்தது.
நவம்பர் 19, வியாழன்: குழுவினர் இருவரில் ஒருவர் வேலூர் மருத்துவமனையில் காலமானார்.
மற்றவர் இதை எழுதுகிறார்.

பாலாற்றின் இரு கரைகளிலும் காலமான அந்த 'பேக்கப்' பாயைப் போல முறையாகப் பயந்த மனிதர் பிறந்ததில்லை. மற்றவர்கள் பயம் வந்தால் பயப்படுவார்கள். அவர் அட்டவணை போட்டுப் பயந்தார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தோலைச் சுழற்றிச் சாயமேற்றும் டிரம் பக்கத்தில் வேலைக்குச் சேர்ந்து, பின்னர் கணினி அறைக்கு வந்தவர். எதை எழுதினாலும் ஐந்து பேக்கப், அதாவது நகல், எடுப்பார்; பட்டப்பெயர் அதனால் வந்தது. ஒன்று அலுவலகத்தில், ஒன்று வீட்டு அரிசி டிரம்முக்குள், ஒன்று திருப்பத்தூர்த் தங்கை வீட்டில், ஒன்று சைக்கிள் சீட்டுக்கு அடியில். ஐந்தாவதை ஆற்காட்டு மக்கன் பேடா டப்பாவில் வைத்து மாதனூர் மாமியார் வீட்டில் கொடுத்தார். அந்த அம்மையார் விருந்தாளிகள் முன்னிலையில் டப்பாவைத் திறந்தார். உள்ளே பன்னிரண்டு ஃபிளாப்பிகள் இருந்தன. மூன்று ஆண்டுகள் அந்த வீட்டில் அவருக்கு இனிப்பு வைக்கப்படவில்லை.

குழுவில் நான் தலைவர். வேதியியலில் டாக்டர் பட்டம் பெற்றவன் என்பது தவிர வேறு தகுதி எனக்கில்லை. கிளவுட் நிறுவனத்தின் விற்பனையாளர் சென்னையிலிருந்து வந்து, டையும் புன்னகையுமாக அமர்ந்தார். பாய் நோட்டைத் திறந்தார்.

"நம்ம ரெசிபி இருக்கற கம்ப்யூட்டர் எந்த ஊர்ல இருக்கு தம்பி?"

"அதைப் பத்தி நீங்க கவலையே படவேணாம் சார்."

"அப்ப ஜாஸ்தி கவலப்படணும்." எழுதிக்கொண்டார். "பக்கத்து டேனரி ரெசிபியும் அதே பொட்டிலதான் இருக்குமா? நடுவுல செவுரு இருக்கா? உங்க ஆளு வேலைய விட்டுட்டுப் போனா சாவிய புடுங்குவீங்களா? உங்க கம்பெனியே மூடிட்டா நாங்க எந்த வாசல்ல வந்து நிக்கிறது?"

தேநீர் ஆறும்வரை கேட்டார். விற்பனையாளர் புறப்பட்டபோது புன்னகையை எங்கள் அறையிலேயே விட்டுவிட்டுச் சென்றார்.

அடுத்த வாரம் என் தொலைபேசி ஒலித்தது. கிளவுட் நிறுவனத்திலிருந்து பேசுவதாக ஒரு கனத்த குரல் கூறியது. பதிவில் சிறு கோளாறு, பாஸ்வேர்ட் தேவை என்றது. சொன்னேன். எது பெரிய எழுத்து, எது சிறிய எழுத்து என்பதையும் நானே பொறுமையாக விளக்கினேன். பத்து நிமிடத்தில் பாய் உள்ளே வந்து எதிரில் அமர்ந்தார். அவர் முகத்தில் துக்க வீட்டுக்கு வந்தவரின் களை இருந்தது.

"புரொபசர் சார், மஸ்ஜித் எதிர்ல காயின் போன்லேர்ந்து நான்தான் பேசினேன். இவ்ளோ படிச்சிருக்கீங்க, கேட்டா குடுத்துடறதா? கம்மியாப் படிச்சவங்க யாரும் குடுக்கல. வாட்ச்மேன் என்னைத் திட்டிட்டு வெச்சுட்டாரு."

அறிக்கையில் இருபத்திரண்டு ஆபத்துகளை எழுதினோம். முதலாளி அவற்றைப் படித்தார், பாராட்டினார், மாற்றத்துக்குக் கையெழுத்திட்டார்.

செப்டம்பரில் அது நடந்தது. ஒரு திங்கட்கிழமை காலை, யாரோ முதலாளியின் பாஸ்வேர்டைக் கொண்டு நுழைந்து எல்லாக் குறிப்புகளையும் எடுத்துச் சென்றிருந்ததைக் கணினி காட்டியது. முதலாளி தலைகுனிந்து ஒப்புக்கொண்டார்: யாரோ தொலைபேசியில் கேட்டார்களாம். எங்கள் வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒரே ஒரு பழுப்பு நிறத்துக்காகவே எங்களிடம் பூட்ஸ் வாங்கினார். அந்த நிறம் பிறர் கைக்குப் போனால், மாதனூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும் பெண்களில் பாதிப் பேருக்கு வேலை இராது. அன்று காலை அவர்கள் இறங்கியதைச் சன்னலில் நின்று பார்த்தேன்.

பாய் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், சோறு எறங்கலியா? திருடினவன் டிரம்ல போட்டுப் பாக்கட்டும். தோலு திட்டுத் திட்டா, சொறி புடிச்ச மாதிரி வரும்."

பழைய சாய மாஸ்டர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. டைரியில் எழுதும் ரெசிபியில் ஓர் அளவை மாற்றி எழுதுவார்கள். டைரி களவு போனாலும் நிறம் போகாது. பாய் கணினியிலும் ஆசிட்டின் அளவை அப்படியே மாற்றி எழுதியிருந்தார். ஒவ்வொரு டிரம்முக்கும் அவரே போய் நின்று ஆசிட்டை அளந்து ஊற்றியதை அவருடைய கிறுக்குகளில் ஒன்றாகவே நாங்கள் எண்ணியிருந்தோம்.

நான் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினேன்.

"பாய், சரியான அளவு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"வேற யாருக்கு?"

அவர் மென்று முடித்தார். கை கழுவினார். அறிக்கையை எடுத்துக் கடைசிப் பக்கத்தில் தம் கையாலேயே எழுதினார்: 'ஆபத்து 23: பேக்கப் பாய். நகல்: இல்லை.'

"அப்படியானா எனக்குச் சொல்லுங்க."

"உங்களுக்கா? காயின் போனுக்கே கவுந்துட்டீங்க சார்."

அன்று முதல் அவர் இருமினால் எனக்கு வியர்த்தது. அவர் சைக்கிள் நெடுஞ்சாலையைக் கடக்கும்வரை வாயிலில் நின்றேன். நவம்பரில் நெஞ்சுவலி என்று வேலூரில் சேர்த்தார்கள். அறுவைச் சிகிச்சைக்கு முந்திய பிற்பகல், என்னை மட்டும் இருக்கச் சொல்லி மனைவியையும் நர்ஸையும் வெளியே அனுப்பினார்.

"முதலாளி போன்ல கேட்டா?"

"சொல்ல மாட்டேன்."

"போலீஸ் போன்ல கேட்டா?"

"மாட்டேன்."

"நானே போன் பண்ணிக் கேட்டா?"

தயங்கினேன். அவர் கண்களை மூடாமல் காத்திருந்தார்.

"மாட்டேன், பாய்."

"ஹாங். இப்பத்தான் பாஸ் ஆனீங்க."

காதில் சொன்னார். எல்லா ரெசிபிகளுக்கும் பொருந்தும் ஒரே விதி, ஒரே வாக்கியம். மூன்று முறை திருப்பிச் சொல்லவைத்தார். காகிதம் எடுக்கப்போன என் கையைப் பிடித்துக்கொண்டார். அறுவைக்குப் பின் மூன்றாம் நாள் போய்விட்டார்.

அடக்கத்துக்கு மறுநாள் டிரம் ஓடவேண்டியிருந்தது. அவர் நிற்கும் இடத்தில் நின்று, அந்த வாக்கியத்தின்படி ஆசிட்டை அளந்து ஊற்றினேன். ஒரு மணி நேரம் டிரம் சுற்றியது. அவ்வளவு நீளமான மணி நேரத்தை நான் வாழ்ந்ததில்லை. தோல் வெளியே வந்தது. அதே பழுப்பு.

இன்னும் செய்யாதவை:

1. அந்த வாக்கியத்தை முதலாளியிடம் நேரில், கதவைச் சாத்திவிட்டுச் சொல்வது.
2. டிரம் அருகே எனக்குப் பதிலாக நிற்கத்தக்க, என்னைவிட நன்றாகப் பயப்படும் ஓர் ஆளைத் தேடுவது.
3. இருபத்துமூன்றாம் வரியில் அவர் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதுவது. பேனாவைப் பலமுறை எடுத்தேன். அடிக்க மனம் வரவில்லை.