மாப்பிள்ளை அழைப்பில் ஒரு ரேஸ் கார்

எனக்கு ஒரு வியாதி உண்டு. இரண்டு பொருளை எதிரில் வைத்தால், பெரிசாக இருப்பதுதான் நல்லது என்று கை தானாக அங்கே போய்விடும். வடையில் இருந்து செருப்பு வரை இதே கதைதான். ஒரு தடவை நான் வாங்கி வந்த குண்டுக் கத்தரிக்காயை அரிந்து, உள்ளே இருந்த விதையை எல்லாம் முறத்தில் கொட்டி, நான் வந்து பார்க்கிற வரைக்கும் வாசலிலேயே வைத்திருந்தாள் என் மனைவி செல்வி. அன்றிலிருந்து காய் வாங்கும் வேலை எனக்குக் கிடையாது. (நான் படித்தது ஆறாவது. அதிலேயே ரொம்ப நாள் தங்கிவிட்டதால் வகுப்பில் நான்தான் பெரிசு. அதிலும் எனக்கு ஒரே பெருமை.)

காய் வாங்கத் தெரியாதவன் கார் சாமான் வாங்கப் போன கதை இது.

என் கார் பல கை மாறி என்னிடம் வந்த பழைய வெள்ளைக் கார். கிரிவலம் வருகிறவர்களை லாட்ஜுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் ஓட்டிக்கொண்டிருந்தேன். என் மாமனாருக்கு அந்தக் காரையும் பிடிக்காது, அதை ஓட்டுகிறவனையும் பிடிக்காது. ஆனால் என் மச்சான் முரளிக்குக் கல்யாணம் நிச்சயமான அன்று ஓர் அதிசயம் நடந்தது. பெண் வீடு கீழ்பென்னாத்தூர். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை வியாபாரம். மாப்பிள்ளை அழைப்புக்கு நல்ல காராகப் பேசிவிடுகிறேன் என்று பெண்ணின் அப்பா சொன்னதும், மாமனார் சபையில் கையை ஆட்டி மறுத்தார்.

"கார் எதுக்குங்க பேசணும்? எங்க பெரிய மாப்ளயாண்டயே இருக்குதே."

என்னை வைத்து அவர் பெருமைப்பட்ட முதல் வாக்கியம் அது. சந்தோஷத்தில் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. (பொய். ரெண்டு தடவ ரசம் வாங்கிக் குடிச்சேன்.)

அந்த நேரம் பார்த்து என்ஜினில் டக் டக் என்று சத்தம். மெக்கானிக் சாதிக் பாய் மூடியைக் கழற்றிப் பார்த்து, கேம் ஷாஃப்ட் தேய்ந்துவிட்டது, மாற்றணும் என்றார். அது ஒரு முழ நீளத் தண்டு. அங்கங்கே முட்டை முட்டையாகப் புடைத்திருக்கும். தண்டு சுற்றச் சுற்ற அந்த முட்டைகள் வால்வை அழுத்தித் திறந்துவிடும், என்ஜின் மூச்சு இழுக்கும். பாய் எனக்குச் சொல்லிக் கொடுத்தது இவ்வளவுதான்.

"பழசக் கையில எடுத்துக்கினு மெட்ராஸ் போ. அச்சா அதே மாதிரி வாங்கிக்கினு வா. நீயா எதுவும் யோசன பண்ணாத" என்றார்.

பழைய தண்டை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். பை வாயில் நீட்டிக்கொண்டிருந்ததை முருங்கைக்காய் என்று நினைத்து, பக்கத்து சீட்டு அம்மா எந்த ஊர்க் காய் என்று விசாரித்தார்.

சென்னையில் பழைய சாமான் விற்கிற தெரு. கடைக்காரர் என் தண்டைப் பார்த்துவிட்டு மேஜையில் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று என் காருக்கு உண்டானது. இன்னொன்று ரேஸ் ஓட்டுகிற பையன்கள் அதே என்ஜினுக்குப் போடுவதாம். முதலாவதில் இருந்தது கோழி முட்டை என்றால் இரண்டாவதில் இருந்தது வாத்து முட்டை. அப்புறம் கேட்பானேன். இதையும் அதே விலைக்கே தருகிறேன் என்று அவர் வேறு சொன்னார். ரொம்ப நாளாக அது போணியாகாமல் கிடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் முக ராசி என்றுதான் தோன்றியது. கையோடு வால்வு ஸ்பிரிங்கும் இருக்கிறதிலேயே தடியானதாக எடுத்துக்கொண்டேன். ஆயில் சீல் மட்டும் ஒரே அளவில்தான் இருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

தண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பாய், நெற்றியில் கை வைத்துக்கொண்டார். பெரிய முட்டை என்றால் வால்வு ரொம்ப நேரம் திறந்து கிடக்கும், வேகமாக ஓடினால்தான் அந்த மூச்சு அதற்குச் சரிப்படும், மெதுவாகப் போனால் திணறும் என்றார்.

"ரேஸுக்குப் போறவன் போடறது இது. நீ ஊர்கோலம் போறவன். மாத்திக்கினு வா."

மறுநாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. மறுபடி மெட்ராஸ் போய் வர நேரம் ஏது? எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் மாட்டுங்கள் என்று கெஞ்சிக் கூத்தாடினேன். பாய் முனகிக்கொண்டே மாட்டினார். வேலூர் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். அடடா. என் கிழட்டுக் கார் காற்றாகப் பறந்தது. கண்ணாடியில் பார்த்தால் மலை பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. பாய்க்கு வயசாகிவிட்டது என்று முடிவு கட்டினேன்.

மறுநாள் பூவெல்லாம் சுற்றி, பிள்ளையார் கோயிலில் மாப்பிள்ளைக்கு மாலை போட்டு காரில் ஏற்றினார்கள். முன்னால் நாதஸ்வரம், தவில். பின்னால் தட்டு ஏந்திய பெண்கள். நடுவில் நான். ஆள் நடக்கிறதைவிட மெதுவாகப் போக வேண்டும். கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே பாய்க்கு வயசாகவில்லை என்று தெரிந்துவிட்டது.

என்ஜின் குடு... குடுகுடு... குடு என்று விக்கியது. காலை எடுத்தால் அணைந்தது. மிதித்தால் உறுமியது. நாதஸ்வரக்காரர் ராகத்தை இழுக்கும்போதெல்லாம் நான் ஓர் உறுமல் கொடுத்தேன். தவில்காரர் கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்த்தார். அப்புறம் அவர் கை தன்னை அறியாமல் என் என்ஜினுடைய தாளத்துக்குப் போய்விட்டது. அவர் ஜன்னலோரம் வந்து குனிந்தார்.

"தம்பி, ஒண்ணு நீ வாசி, இல்ல நான் வாசிக்கறேன்."

பதறிப்போய் கிளட்சை விட்டேன். கார் ஒரு துள்ளு துள்ளி, அவர் தவிலை முட்டப் போய், அப்படியே அணைந்தது. சாவியைத் திருப்பித் திருப்பி பேட்டரியையும் படுக்க வைத்தேன். பின் சீட்டில் முரளி மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "மாமா, நான் எறங்கி நடந்துடட்டுமா?" என்றான். முன்னால் மாமனார் நின்றிருந்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அங்கவஸ்திரத்தை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, காருக்குப் பின்னால் போய்க் கை வைத்தார்.

அவர் கை வைத்ததைப் பார்த்ததும் பெண்ணின் அப்பா ஓடி வந்து அவரை நகர்த்திவிட்டுத் தான் கை வைத்தார். பெண்ணின் சித்தப்பா, மாமன், மல்லாட்டை மூட்டை தூக்கிப் பழகிய ஆட்கள் என்று மொத்தப் பெண் வீடும் சேர்ந்துகொண்டது. கார் நகர்ந்தது. சத்தமில்லாமல், புகை இல்லாமல், நாதஸ்வரத்துக்குப் பின்னால் தேர் மாதிரி அசைந்து போனது. மாப்பிள்ளை அழைப்புக்கு எந்த வேகம் வேண்டுமோ அதே வேகம். தவில்காரர் அதுவரைக்கும் அடக்கி வைத்திருந்ததை எல்லாம் வாசித்துத் தீர்த்தார். தெருவில் போனவர்கள்கூடச் சிரித்துக்கொண்டே ஒரு கை கொடுத்தார்கள். மண்டப மாடியில் இருந்து எட்டிப் பார்த்த கல்யாணப் பெண் கவிதா, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

பந்தியில் மாமனார் என் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தார். திட்டு இப்போது வரும் என்று, தெளித்த இலைக்கே மறுபடி தண்ணீர் தெளித்தேன். வடைத் தட்டு வந்தது. பழக்க தோஷத்தில் என் கை பெரிசைத் தேடிப் போனது. அவர் என் கையை மெல்ல ஒதுக்கிவிட்டு, இருக்கிறதிலேயே சின்னதாக ஒரு வடையை எடுத்து என் இலையில் வைத்தார்.

"பெருசு உங்களுக்கு ஒத்துக்காது மாப்ள. சாப்புடுங்க."

சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். எனக்கும் உயிர் வந்தது.

மறு வாரமே பாயிடம் போய் கோழி முட்டைக்கு மாறிவிட்டேன். வாத்து முட்டைத் தண்டால் செல்வி பூண்டு நசுக்குகிறாள். முரளி வீட்டில் சண்டை வந்து அவன் குரல் உயர்ந்தால் கவிதா ஒரே கேள்விதான் கேட்பாள்.

"நீ இன்னா உன் கால்லயா நடந்து வந்த? எங்க வூட்டு ஆளுங்க தள்ளிக்கினு வந்தாங்க."

அதோடு சண்டை முடிந்துவிடும். எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷம் ஆனாலும் பரிமாறுகிறவர் என் இலைக்கு வந்ததும், மாமனார் எந்த வரிசையில் இருந்தாலும் குரல் கொடுப்பார்: "அவருக்குச் சின்னதா வைங்க." பந்தியே சிரிக்கும். நானும் இலையைப் பார்த்துக்கொண்டு பாவமாக உட்கார்ந்திருப்பேன்.

(சின்ன வடதான் நல்லா மொறுமொறுன்னு இருக்குது. இத யாரும் அவருகிட்ட சொல்லிடாதீங்க.)