தொட்டால் துலங்காத திரை

அன்று காலை நான் ஒரு மாபெரும் முடிவு எடுத்தேன். என் கார் தொடுதிரையை என் கையாலேயே சரிசெய்வது. மெக்கானிக்கின் நிழல்கூட அதன்மேல் விழக் கூடாது.

காரணம் என் சகலை. நான் இந்தக் காரை வாங்கியபோதே அவர், "கார்ல டிவி எதுக்கு? என்னைக்காவது நடுத்தெருவுல நிப்பீங்க" என்றார். மதியம் அவர் வீட்டில்தான் சாப்பாடு. காலையில் வண்டியைத் திறந்தால் திரை உறைந்து கிடக்கிறது. நேற்று போன தெருவின் வரைபடம் அப்படியே நிற்கிறது. தொட்டேன். தட்டினேன். தடவினேன். கெஞ்சினேன். ம்ஹூம்.

என் மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். "கூப்பிட்டா பதில் இல்ல, தொட்டா அசைவு இல்ல. உங்ககூடவே சுத்தி உங்க குணம் வந்துடுச்சு போல."

"நான் சரிபண்றேன் பாரு. பள்ளிக்கூடத்துல மின்சாரப் பாடம் நடத்துறவன் நான்."

"பண்ணுங்க. பண்ணிட்டா நீங்க கேட்டது கிடைக்கும்."

விடுவேனா? "அப்போ இனிமே திரை என்னோடது. பாட்டு, வழி, ஏசி எல்லாம் நான் வெச்சதுதான். உன் விரல் அதுல படவே கூடாது."

ஒரு கணம் யோசித்தாள். "சத்தியமா படாது" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் எதற்கும் இவ்வளவு சீக்கிரம் தலையாட்டியதில்லை. எனக்கோ சந்தோஷத்தில் புத்தி வேலை செய்யவில்லை.

களத்தில் குதித்தேன். எஞ்சினை நிறுத்திவிட்டு மறுபடி போட்டேன். செல்போன் வயரைப் பிடுங்கினேன். மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியால் திரைக்கு ஒப்பனை செய்தேன். ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை விட்டு, கால் இரண்டும் தெருவில் நீட்டிக்கொண்டிருக்க, ஒரு ஃபியூஸைக் கழற்றி மாட்டினேன். ஹாரன் ஊமையானது. இன்னும் அழுத்தி மாட்டினேன். ஹாரன் பிழைத்தது. திரை மட்டும் கல்லுளிமங்கன் மாதிரி அசையவில்லை.

மனைவி பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அவள் பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ். "எங்க மானிட்டர் இப்படி நின்னா பவர் பட்டனை அழுத்திப் பிடிப்போம். அணையற வரைக்கும் விடக் கூடாது."

"அதைத்தான் அடுத்து செய்யறதா இருந்தேன்" என்று அழுத்தினேன்.

"விடாதீங்க. அழுத்துங்க."

"கட்டைவிரல் வலிக்குதும்மா!"

"வலிக்கத்தான் செய்யும். மூச்சை இழுத்து விடுங்க. இன்னும் கொஞ்சம்தான்."

"ஐயோ, எல்லாம் இருட்டாயிடுச்சு!"

"பயப்படாதீங்க. கையை எடுத்துட்டுப் பாருங்க."

"வந்துடுச்சு! வந்துடுச்சு!"

மதில் சுவருக்கு மேலே பக்கத்து வீட்டுத் தபால்காரரின் தலை எழும்பியது. "சார், என்ன குழந்தை?"

"திரை சார், திரை! நானே சரிபண்ணிட்டேன்!"

தொட்டால் பேசியது. தட்டினால் பாடியது. பின்பக்கக் கேமராவில் எங்கள் வீட்டுக் குப்பைத்தொட்டி தேர் மாதிரி ஜொலித்தது. திரையிலிருந்தே சகலைக்கு போன் போட்டேன்.

"சகலை, எங்கேருந்து பேசுறேன் தெரியுமா? நீங்க சொன்னீங்களே, அந்த டிவியிலேர்ந்து!"

"ஓ... டிவி வேலை செய்யுதா?" என்று எதிர்முனையில் சுருதி இறங்கிய குரல். அந்தக் குரலை ஃபிரேம் போட்டு மாட்டலாம். தபால்காரர் கை தட்டினார். நான் காரை ஒரு சுற்று சுற்றி வந்தேன், ஊர்வலம் போகிற தோரணையில். உள்ளே போய் முகம் கழுவி, நல்ல சட்டையாகப் பார்த்து மாட்டிக்கொண்டு வந்தேன்.

வந்தால், ஸ்டியரிங்குக்கு முன்னால் என் மனைவி உட்கார்ந்து கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தாள். லைசென்ஸ் வாங்கியது முதல் அவள் கேட்டு, நான் ஏதேதோ சாக்குச் சொல்லித் தராத சீட் அது.

"என்ன இது? இறங்கு."

"ஏங்க, வண்டி ஓட்டுறவங்க திரையைத் தொடலாமா?"

"கூடவே கூடாது. கவனம் சிதறும், ஆபத்து." ஆசிரியர் வாய், கேள்வி கேட்டால் பதில் சொல்லிவிடும்.

"திரை யாரோடது?"

"என்னோடது!"

"அப்போ ஓட்டுறது யாரு?"

நான் தபால்காரரைப் பார்த்தேன். அவர் தலை மதிலுக்குக் கீழே இறங்கிவிட்டது.

வெற்றி வீரன் நான் மெதுவாகச் சுற்றிப்போய், அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து உட்கார்ந்து, அவள் சொன்னபடி சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன்.