எங்கள் கொல்லையில் ஒரு துறைமுகம்

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

உங்கள் அக்காள் மகள் இம்முறை நிஜமான பணிவோடு எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். குழியும் சுகமாக வளர்கிறது.

தொல்லியல் அதிகாரியான தம்பி வந்து பார்க்கட்டும், குழியில் கிடைத்த பானை ஓடுகள் போலி என்றால் அன்றே குழியை மூடிவிடுவேன் என்று அம்மா உங்களை வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறாள். தயவுசெய்து வராதீர்கள். காரணம் நான்தான். கடல் முன்பு நம் தெருவரை இருந்தது, ஆறு இங்கேதான் கலந்தது, கொல்லைக்கு அடியில் பழைய துறைமுகம் கிடக்கிறது என்று பூகோள வாத்தியாரான அப்பா பத்து வருஷமாகச் சொல்கிறார், ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்வதில்லை, எனக்கே பாவமாகப் போய்விட்டது. மொட்டைமாடியில் கிடந்த உடைந்த பானையின் கழுத்தை ஒரு வாரம் உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, ஆணியால் ஒரு பாய்மரக் கப்பல் கீறி, துணிக்கொடிக்குக் கீழே புதைத்துவிட்டு, ஏதோ தட்டுப்படுகிறது என்று அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் ஆழத்தை அளந்து, ஒரு சாண் மண் சேர அறுநூறு வருஷம் என்று கணக்குப் போட்டு, ஓட்டுக்கு வயது ஆயிரத்து இருநூறு என்று அறிவித்தார். கை வலித்ததால் இரண்டு சாணோடு நிறுத்தியிருந்தேன் மாமா. இல்லாவிட்டால் இரண்டாயிரத்தைத் தாண்டியிருப்போம்.

நான் புதைத்தது ஒன்று. அப்பா எடுத்ததோ ஐந்து! மீதி நாலு யார் வேலை? அம்மாவைச் சந்தேகப்பட்டேன்; அவள் செடியெல்லாம் போச்சு என்று பல்லைக் கடிக்கிறாள். பக்கத்து வீட்டுத் தையற்காரர் மதில்மேல் எட்டிப் பார்க்கிறார், ஆனால் குனிய முடியாத முதுகு அவருக்கு. இப்போது அப்பா மேலேயே ஒரு கண். ஓடு வெளியே வருவதற்கு முன்பே அதற்கு நம்பர் எழுதிய சீட்டு அவர் பையில் தயாராக இருக்கிறது.

நீங்கள் வந்து ஓட்டைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தால் அப்பாவின் பத்து வருஷமும் குழியோடு மூடப்படும். காய்ச்சல் என்று சொல்லிவிடுங்கள்.

ஆசியை எதிர்பார்க்கும், அடியை எதிர்பார்க்காத,
அக்காள் மகள்

பின்குறிப்பு: மேலே உள்ளதை மறந்துவிடுங்கள். உறை தேடப் போன இடத்தில் கடிதத்தோடு அப்பாவிடம் மாட்டிக்கொண்டேன். படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நம்ம பானை எனக்குத் தெரியாதாடி? பத்து வருஷமா உங்கம்மா அங்க மண்வெட்டி வைக்க விட்டாளா? உன் ஓட்டைக் காட்டித்தான் அனுமதி வாங்கினேன். ஒண்ணோட போதும்னுடுவாளேன்னு நாலு நான் போட்டேன். நேத்து அடியில சிப்பியோட கடல்மணல் வந்திருக்கு. அது நான் போட்டதில்ல, நீயும் போடல."

ஆகவே மாமா, அந்த மணலைப் பார்க்கக் கட்டாயம் வாருங்கள். ஓட்டைப் பார்த்துச் சிரிப்பு வந்தால் குழிக்குள் இறங்கிச் சிரித்துவிட்டு ஏறுங்கள். உங்கள் உயரத்துக்கு ஆழம் இருக்கிறது, அம்மாவுக்குத் தெரியாது.