பச்சைக்கு மூச்சு முட்டிய கதை

தர்மபுரி மாவட்டத்திலேயே என் ரத்தக் கொதிப்பை அதிகம் ஏற்றியவன் மார்க்கர்தான். டாக்டரிடமும் அப்படித்தான் சொன்னேன். காதில் எந்நேரமும் மார்க்கர் பேனா இருக்கும்; அதனால் அந்தப் பெயர்.

எங்கள் லாரி பார்சல் ஷெட்டில் பெட்டிகளுக்குக் கோடு போடுவது அவன் வேலை. அரூருக்குச் சிவப்பு, பாப்பாரப்பட்டிக்குப் பச்சை, மொரப்பூருக்கு நீலம். லோடுமேன்கள் முகவரி படிக்க மாட்டார்கள். கலரைப் பார்த்து வண்டியில் ஏற்றுவார்கள். ஒரே ஒரு கோடு. கழுதைகூடப் போடும்.

இவன் போட மாட்டான். வட்டம் போடுவான், வளைவு போடுவான், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பெட்டியைப் பார்ப்பான். பின்னால் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கும்.

"இன்னாடா இது?"

"அப்ஸ்ட்ராக்ட்ண்ணா. சிவப்பு தனியா நின்னா கத்துது. பக்கத்துல ஊதா வெச்சேன், அடங்கிருச்சு பாருங்க."

"நான் கத்துறேனே, எனக்கு எதைடா வெப்ப?"

என்னை மேலும் கீழும் பார்த்தான். "உங்களுக்கு மஞ்சள்ண்ணா. லேசா."

இவனைத் துரத்துங்கள் என்று முதலாளியிடம் தினமும் சொல்வேன்.

போன மாசம் பாப்பாரப்பட்டி பாத்திரக்கடை பாய்க்கு ஒரு பெட்டி வந்தது. உள்ளே அவர் மகளின் கல்யாண உடுப்பு; மறுநாள் நிக்காஹ். நம்ம ஆள் பச்சைக் கோடு போட்டான். பச்சைக்கு மூச்சு முட்டுகிறதென்று சுற்றிலும் நீலத்தை இழுத்துவிட்டான். பெட்டி மொரப்பூர் வண்டியில் ஏறிப் போய்விட்டது.

பாய் போனில் அழுதார். "பொண்ணு சாப்பிடாம உக்காந்திருக்கு தம்பி."

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "சாயங்காலத்துக்குள்ள பொட்டி போய்ச் சேரலன்னா அவன வூட்டுக்கு அனுப்பிரு. நீதான கேட்டுட்டே இருந்த?"

கேட்டதுதான். நான் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், ஆள் ஒழிந்தான். மூலையில் அவன் பேனாக்களுக்கு ஒவ்வொன்றாக மூடி போட்டுக்கொண்டிருந்தான். அந்த மூஞ்சியைப் பார்க்கவே எரிச்சலாக வந்தது. பைக்கை எடுத்தேன்.

மொரப்பூர் போய், பெட்டியை டேங்க் மேல் வைத்துக்கொண்டு பாப்பாரப்பட்டிக்கு ஓட்டினேன். வழி நெடுக அவனைத் திட்டினேன். தர்மபுரி நாலு ரோட்டில் ஒரு போலீஸ்காரர் தன்னைத்தான் திட்டுகிறேனென்று நிறுத்திவிட்டார்.

பொழுது சாயும்முன் பெட்டி பாய் கையில். உடுப்பைப் பார்க்காமல் அட்டையைத் தடவிப் பார்த்தார். "நல்லாருக்கே தம்பி, யாரு போட்டது?" எனக்குக் கொதிப்பு இன்னும் ஏறியது.

மறுநாள் ஷெட்டில் என் வெள்ளை ஹெல்மெட் முழுக்க ஊதா வளைவுகள். நடுவில் மஞ்சள், லேசாக.

"எவன்டா இதைத் தொட்டது?"

"வெறும் வெள்ளையா கெடந்துச்சுண்ணா. பாக்க முடியல."

வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். இன்றும் அதைத்தான் மாட்டிக்கொண்டு திரிகிறேன். பெட்ரோல் பங்க்கில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். மழை வந்தால் வண்டியை ஓரங்கட்டி, அதைக் கழற்றிப் பாலிதீன் பைக்குள் வைத்துவிடுகிறேன். தலை நனைந்தால் காய்ந்துவிடும்.