பெல்காரரின் களைப்பு

எங்கள் பெல்காரரைப் போலக் களைத்துப்போக இந்த உலகத்தில் யாராலும் முடியாது. தங்கச் சுரங்க ஆட்கள் குடியிருக்கும் ஊரிகம் லைனில் எங்களுக்கு அடுத்த வீட்டுக்காரர். சுரங்கம் ஓடிய நாளில், ஆட்களை இறக்கி ஏற்றும் இரும்புக் கூண்டான கேஜுக்கு மணியடித்தவர். ஒரு அடி அடித்தால் கேஜ் நிற்க வேண்டும். ஏன் என்று எந்த ஆபீசரும் கேட்க முடியாது.

சில வருஷம் முன்பு அவருக்கு ஒரு விஷக்காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, களைப்பு போகவில்லை. பல் தேய்த்தாலே படுத்துவிடுவார். பெங்களூர் டாக்டர் அதற்கு நீளமாய் ஒரு பேர் சொல்லி, பேச்சு வைத்தியம் பார்க்கும் ஒரு பெண்ணிடம் அனுப்பினார். “நடந்தால் விழுவோம் என்ற நினைப்பை மாற்றுங்கள், தினமும் கொஞ்சம் கூட்டி நடங்கள்” என்றாள் அவள்.

நடந்தார், இடுப்பில் ஒரு மணியோடு. உடம்பு போதும் என்றால் ஒரு அடி அடித்து அங்கேயே உட்காருவார். மணி கேட்டதும் லைனிலிருக்கும் பழைய சுரங்க ஆட்கள் எல்லாம், வாயில் வைத்த இட்லியோடு, பழக்கத்தில் அப்படியே நின்றுவிடுவார்கள்! மார்க்கெட் நடுவில் ஒருநாள் உட்கார்ந்தார். பஸ் டிரைவர் ஹாரனை அலறவிட்டார்.

“இன்னா தாத்தா, ரோடு உங்க வூடா?”

“ஹாரன் அடிச்சா எந்த கேஜ்டா எறங்கும்? சுத்திக்கினு போ!”

பஸ் சுற்றிக்கொண்டுதான் போனது.

கூட்டிக் கூட்டி நடந்து ஒருநாள் விழுந்தவர் மாசக்கணக்கில் எழவில்லை. லைன் இரண்டு கட்சியானது. மனசுதான் என்றது ஒன்று. உடம்புதான் என்றது மற்றது. மகள் விமலா மனசுக் கட்சி.

“நெனச்சா நடக்கலாம் நைனா. நீதான் நெனைக்க மாட்ற.”

“அந்தப் பொண்ணு பேசினா பயம் போவுதும்மா, பொய் சொல்ல மாட்டேன். காலுக்குக் காது இல்லியே, நான் இன்னா பண்ண?”

அவர் ஒருவழியாய் எழுந்த பிறகு, பங்காருபேட்டையில் விமலாவுக்குக் கல்யாணம் வைத்தார்கள். “மணிய வூட்லயே வெச்சிடு. மேடைக்கு நடந்து வந்து தாரை வாத்துக் குடு” என்றாள். அவருக்கும் அதுதான் ஆசை. அதற்காகப் பேச்சைக்கூடச் சேமித்தார். சோறு வேணுமா என்றால் கண்ணை மூடித் திறப்பார்.

முகூர்த்த நேரத்தில், இடுப்பில் மணி இல்லாமல் நடந்தார். பாதி வழியில் முகம் வெளுத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்தார். மேளம் தானாக நின்றது.

“முடிலம்மா. நெசமா முடில.”

விமலா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று மேடையிலிருந்து இறங்கினாள். திட்டப்போகிறாள் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவளோ அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“தெரிது நைனா” என்றாள். “ஐயரே, எல்லாத்தையும் இங்க கொண்டாங்க.”

மாப்பிள்ளையும் இறங்கி வந்து உட்கார்ந்தார். சம்பந்தி உட்கார்ந்தார், நாங்களும் உட்கார்ந்தோம். எல்லோரும் ஒரே தரையில்தான் இருந்தோம். ஆனாலும் பெல்காரரை அண்ணாந்து பார்ப்பது போலத்தான் எனக்கு இருந்தது.