தலையாட்டாத கிடாயும் தாய்மாமன் சீரும்

அன்புள்ள மச்சான் தங்கப்பாண்டி அவர்களுக்குப் பொன்னுச்சாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் தங்கை ராமலெட்சுமியும் மகள் பானுப்பிரியாவும் கிடாயும் நலம். உங்கள் நலம் அறிய ஆசைதான், நீங்கள் போனை எடுத்தால்தானே?

கல்யாணத்துக்கு முன்னால் கோயிலில் வெட்ட நேர்ந்த கிடாய், தண்ணீர் பட்டதும் தலையாட்டினால்தான் சாமி உத்தரவு என்பது நம் வழக்கம். ஆட்டவில்லை. அதற்காகக் குடியா முழுகிவிட்டது? பூசாரி தீர்த்தம் தெளித்தார், நின்றது. செம்போடு ஊற்றினார், நின்றது. வாளியோடு கவிழ்த்தார், கண்ணை மூடிக்கொண்டு சுகமாக நின்றது. உடனே நீங்கள், "சாமி உத்தரவு குடுக்காம நான் எப்படி மாப்ள சீரு தூக்கிட்டு வாரது" என்று சொல்லிவிட்டு, புளியோதரையைக்கூடத் தொடாமல் பரமக்குடிக்கு பஸ் ஏறிவிட்டீர்கள். அன்றிலிருந்து இங்கே எது நடந்தாலும் சாமி குத்தம். மோட்டார் புகைந்தது சாமி குத்தமாம், அது வருஷா வருஷம் மிளகாய்க்குத் தண்ணீர் பாய்ச்சும்போது புகைகிற மோட்டார். பந்தல்கார சோணைமுத்து ஏணியிலிருந்து விழுந்தது சாமி குத்தமாம், அவர் ஏறும்போதே ஒரு மாதிரியாகத்தான் ஏறினார். உங்கள் தங்கையோ பானுவின் கல்யாணத்தையே தள்ளிவைக்கலாம் என்கிறாள். ஏன் தள்ளணும்? என்னத்துக்குத் தள்ளணும்?

நேற்றுத்தான் விஷயம் வெளியே வந்தது. வாடை தாங்காமல் பானு அந்தக் கிடாயைத் தினமும் பம்புசெட்டில் நிறுத்தி ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டியிருக்கிறாள், மச்சான். தினமும் குளிக்கிற ஆடு ஒரு செம்புத் தண்ணீருக்கா சிலிர்க்கும்? கேட்டால், "அதை வெட்டுனா நான் மணவறைல ஒக்கார மாட்டேன், அய்யா" என்று என்னையே முறைக்கிறாள். ஆகவே கிடாய் இனிக் கோயிலுக்குப் போகாது. கல்யாணம் குறித்த நாளில் நடக்கும், யார் வந்தாலும் வராவிட்டாலும் நடக்கும். ஆனால் தாய்மாமன் மாலை போடாமல் என் மகள் மணவறை ஏறினால் என் நெஞ்சு ஆறாது. அதையும் கோபமாகவே சொல்லிக்கொள்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. உங்களுக்கு மட்டும் ஒன்றும் கிடையாது.

இப்படிக்கு,
கோபம் குறையாத
பொன்னுச்சாமி

பி.கு.: தபாலில் போட இராமநாதபுரம் வந்த இடத்தில் கடிதத்தைப் பிரித்து எழுதுகிறேன். நம் கல்யாண மண்டபத்து வாசலில் பனைமர உயரத்துக்கு உங்கள் பிளக்ஸ் நிற்கிறது: ‘சீர் கொண்டு வரும் தாய்மாமன்’. கீழே உங்கள் புது போன் நம்பர். அன்று கோயிலில் கிடாயைக் கட்டிப்பிடித்து எடுத்த படம், அதே ரோஸ் சட்டை. நேரே பிளக்ஸ் கடைக்குத்தான் போயிருக்கிறீர்கள். படத்தில் கிடாயின் தலை மட்டும் அசைந்ததுபோல் கலங்கலாக இருக்கிறது. ஆட்டியிருக்கிறது, மச்சான். பூசாரி அதைப் பார்த்து, உத்தரவு கிடைத்துவிட்டது என்று அரிவாளை எடுப்பதற்குள் அந்த இடத்தில் ஒரு பெரிய மாலையாகத் தொங்கவிட்டுவிடுங்கள்.